ஈரிதழ் வால்வுச் சுருக்கம்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

எக்கோ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “இதயத்தின் பம்ப் 60 சதவீதம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே, பிறகு எதற்கு இந்த ஊசி?” என்று கேட்கும் நோயாளிகள் உண்டு. கேள்வி நியாயமானது. அறிக்கையில் எழுதியிருப்பதும் உண்மைதான். ஆனால் ஈரிதழ் வால்வு சுருங்கிய நோயாளிக்கு அந்த எண் முழு ஆறுதல் தரும் எண் அன்று. இந்நோயில் பழுதுபடுவது இரத்தத்தை வெளித்தள்ளும் அறையன்று. அந்த அறைக்குள் இரத்தம் நுழையும் வாயில். வாயில் குறுகிப்போனால், பின்னால் இருக்கும் தசை எவ்வளவு வலிமையாக இருந்தாலும் பயன் குறைவு.

மருத்துவச் சீட்டுகளில் ‘மைட்ரல் ஸ்டெனோசிஸ்’ அல்லது சுருக்கமாக ‘எம்.எஸ்.’ என்று எழுதப்படும் இந்நோயைப் பற்றியது இப்பக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள வலையபட்டி போன்ற ஊர்களில் இந்நோய் உள்ளவர்கள் மாதந்தோறும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வருகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். ஊசி எதற்கு என்பது தெரியாமல் இடையில் நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். முதன்மையாக அவர்களுக்காகவும் அவர்களது வீட்டாருக்காகவும் இது எழுதப்படுகிறது.

இதயத்தின் இடப்பக்கம்

இதயத்தில் நான்கு அறைகள். வலப்பக்கத்து இரண்டு அறைகள் உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தைப் பெற்று நுரையீரலுக்கு அனுப்புகின்றன. நுரையீரலில் தூய்மை பெற்ற இரத்தம் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து ஈரிதழ் வால்வின் வழியாக இடது கீழறைக்குள் இறங்குகிறது. இடது கீழறை அதைப் பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் செலுத்துகிறது.

இரு பக்கங்களும் ஒரே அளவு இரத்தத்தைத்தான் கையாளுகின்றன. ஆனால் வேலையின் கடுமை வேறு. நுரையீரல் அருகில் இருக்கிறது; அங்கே செலுத்த 25 மில்லிமீட்டர் அளவு அழுத்தம் போதும். உடல் முழுவதும் செலுத்த 120 மில்லிமீட்டர் அளவு வேண்டும். அதனால்தான் இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்திருக்கிறது. இடப்பக்கத்து வால்வுகளும் அந்த அழுத்தத்தை ஒவ்வொரு துடிப்பிலும் தாங்கியாக வேண்டும். வாதக் காய்ச்சலால் பெரிதும் கெடுபவை இடப்பக்கத்து வால்வுகளாகவே இருப்பதற்கு இந்த உராய்வும் அழுத்தமும் காரணம் என்று கருதப்படுகிறது.

ஈரிதழ் வால்வு, பெயருக்கேற்ப இரண்டு இதழ்களைக் கொண்டது. மெல்லிய நூல் போன்ற தசைநாண்கள் அவ்விதழ்களைக் கீழறைச் சுவருடன் பிணைத்துப் பிடித்திருக்கும். நலமான ஒருவருக்கு இவ்வால்வு முழுவதும் திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் அளவு வழி கிடைக்கிறது.

வால்வு சுருங்குவது எப்படி

தொடக்கம் பெரும்பாலும் ஒரு தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் தொண்டையில் தொற்றுகிறது. உடல் அதை எதிர்க்கிறது. அந்தக் கிருமியின் சில புரதங்கள் இதயத் திசுக்களின் புரதங்களை ஒத்திருப்பதால், சில பிள்ளைகளின் உடலில் கிருமியை எதிர்க்க உண்டான ஆற்றல் சொந்த இதயத்தையே தாக்குகிறது. தொண்டை வலி ஆறி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு காய்ச்சல் வருகிறது. முழங்கால் வீங்குகிறது, அது வடிந்ததும் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறுகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக் காய்ச்சல். மூட்டுகள் தழும்பின்றி ஆறிவிடுகின்றன. வால்வில் ஏற்பட்ட புண் அப்படி ஆறுவதில்லை. தழும்பாகி, இதழ்களின் ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. தசைநாண்களைத் தடிக்கவும் குறுகவும் செய்கிறது.

தொற்று மறுபடியும் வந்தால் தாக்குதல் மறுபடியும் நிகழும். ஒவ்வொரு தாக்குதலும் வாயிலை இன்னும் கொஞ்சம் ஒட்டவைக்கும். மேலைநாடுகளில் முதல் காய்ச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இடைவெளி இருந்ததாகப் பாடநூல்கள் எழுதின. இந்தியாவின் நிலை வேறு என்பதை 1963ஆம் ஆண்டில் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் இதயவியலாளர் சுஜாய் பி. ராயும் அவருடன் பணியாற்றியோரும் ‘லான்செட்’ இதழில் எடுத்துக்காட்டினர். இங்கே 20 வயதுக்குட்பட்டவர்களிடமே கடுமையான சுருக்கம் காணப்பட்டது. நம் மருத்துவர்கள் ஓர் இளம்பெண் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் வயதைப் பார்த்து அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இந்த ஆய்வு இன்றைக்கும் ஆதாரம்.

அறிகுறிகள்

வழி 2 சதுர சென்டிமீட்டருக்கு அருகில் குறுகும்வரை பலருக்கு எதுவும் தெரியாது. 1.5 அல்லது அதற்குக் குறைந்தால் அது கடுமையான சுருக்கம். 1 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால், உடலுக்கு வேண்டிய இரத்தத்தை அந்த இடுக்கு வழியே அனுப்ப இடது மேலறையின் அழுத்தம் ஓய்விலேயே ஏறக்குறைய 25 மில்லிமீட்டருக்கு உயர வேண்டியிருக்கிறது. இது இயல்பைப்போல் இரு மடங்குக்கும் மேல். மேலறைக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அழுத்தம் அங்கே தேங்குகிறது, நீர் கசிகிறது, மூச்சு முட்டுகிறது.

இதயம் வேகமாகத் துடிக்கும்போது நிலைமை மோசமாவதன் காரணத்தையும் புரிந்துகொள்வது நல்லது. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்புக்கு 1 விநாடி கிடைக்கிறது. 120 முறை துடித்தால் அரை விநாடிதான். குறைந்த அந்த நேரத்தின் பெரும்பகுதி, கீழறை நிரம்பும் நேரத்திலிருந்தே கழிகிறது. வாயில் அகலமாக இருந்தால் பாதகமில்லை. குறுகிய வாயிலுக்கு நேரமும் குறைந்தால், மேலறையில் இரத்தம் தேங்கிவிடும். காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகை, கர்ப்பம், மாடிப்படி ஆகிய எல்லாமே இதே வழியில்தான் மூச்சுத்திணறலைக் கொண்டுவருகின்றன.

“மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டால் நம் பெண்கள் பலர் “இல்லை” என்றே சொல்லிவிடுகிறார்கள். நடையைக் குறைத்து, வேலையைப் பிரித்து, மூச்சு வாங்காத அளவுக்கு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டிருப்பதை அவர்களே உணர்வதில்லை. அதனால் நான் வேறு விதமாகக் கேட்பதுண்டு. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போனவர், இவ்வாண்டு ஏன் குன்றக்குடியோடு நின்றுவிட்டார்? தண்ணீர்க் குடத்தைச் சென்ற ஆண்டு ஒரே மூச்சில் கொண்டுவந்தவர், இப்போது எத்தனை இடத்தில் இறக்கி வைக்கிறார்? ஒன்றுக்கு இரண்டாகத் தலையணை வைத்துத்தான் உறக்கம் வருகிறதா? வீட்டார் இக்கேள்விகளுக்கு நோயாளியைவிடச் சரியாகப் பதில் சொல்வார்கள்.

இருவகைத் தவறான முடிவுகள் இந்நோயில் அடிக்கடி நேர்கின்றன. இரவில் இருமலும் இளைப்பும் வருவதால் ஆஸ்துமா என்று கருதி, ஆண்டுக்கணக்கில் உறிஞ்சு மருந்து எடுத்துக்கொள்வது ஒன்று. நுரையீரலின் சிறு இரத்தக் குழாய்கள் அழுத்தம் தாளாமல் வெடித்துச் சளியில் இரத்தம் வருவதைக் காசநோய் என்று முடிவு செய்வது மற்றொன்று. சளியில் இரத்தம் கண்டால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். அதில் நோய் இல்லை என்று வந்தால் அத்துடன் நிறுத்திவிடாமல் எக்கோ பரிசோதனையும் கேளுங்கள். சிகிச்சை பெற்றும் இளைப்புத் தீராத இளவயதினருக்கும் இது பொருந்தும்.

எக்கோ அறிக்கையில் எதைப் பார்ப்பது

முதலில் சொன்ன 60 சதவீதத்துக்கு வருவோம். அது இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளித்தள்ளுகிறது என்பதைக் காட்டும் எண். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது முதன்மையானது. வால்வுச் சுருக்கத்தில் கீழறை பெரும்பாலும் நலமாகவே இருக்கும்; எண்ணும் நன்றாகவே இருக்கும். உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு: வால்வின் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர், சென்ற முறையைவிடக் குறைந்திருக்கிறதா, நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்திருக்கிறதா, வால்வில் கசிவும் சேர்ந்திருக்கிறதா, மேலறையில் இரத்தக்கட்டி தெரிகிறதா. பழைய அறிக்கைகளை எறிந்துவிடாதீர்கள். ஒற்றை அறிக்கையைவிட, ஐந்தாண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்தான் நோயின் போக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி

பென்சத்தீன் பென்சிலின் ஊசி சுருங்கிய வால்வை விரிப்பதில்லை. மூச்சுத்திணறலைக் குறைப்பதும் இல்லை. அதனால்தான் போட்டுக்கொண்டவருக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. வலி மட்டும் தெரிகிறது. நிறுத்தினாலும் உடனே எதுவும் ஆவதில்லை. இந்த ஊசியின் வேலை, அடுத்த தொண்டைத் தொற்றைத் தடுத்து, அதன்வழி வால்வின்மீது விழும் அடுத்த தாக்குதலைத் தடுப்பது. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட். எடை குறைந்த பிள்ளைகளுக்கு அதில் பாதி. மருந்து தசையிலிருந்து மெல்லக் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அதன் அளவு குறைந்துவிடுவதால், நம் நாட்டில் 21 நாட்களுக்கு ஒரு முறை போடப்படுகிறது. ‘மாதம் ஒரு முறை’ என்று நினைவில் வைத்துக்கொள்ளாமல், அடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயன் உண்டா என்னும் ஐயத்துக்குத் தெளிவான விடை அண்மையில்தான் கிடைத்தது. உகாண்டாவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட, எக்கோவில் மட்டும் தொடக்கநிலை வால்வுப் பாதிப்புத் தெரிந்த 818 பிள்ளைகளை இரு பிரிவாக்கி ஈராண்டு கவனித்தனர். ஊசி போடாத பிரிவில் 8.2 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது. ஊசி போட்ட பிரிவில் 0.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆய்வு 2021இன் இறுதியில் வெளியானது.

வால்வில் பாதிப்பு நிலைத்துவிட்டவர்களுக்கு, கடைசிக் காய்ச்சலிலிருந்து 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஊசி தொடர வேண்டும். சிலருக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படும். வால்வு விரிக்கப்பட்ட பின்னரும், மாற்றப்பட்ட பின்னரும்கூட மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றுடன் வராதீர்கள். உணவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, படுத்த நிலையில் போட்டுக்கொள்ளுங்கள். வால்வு மிகக் கடுமையாகச் சுருங்கி, ஓய்விலேயே மூச்சு முட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு ஊசியின் வலியாலும் அச்சத்தாலும் வரும் மயக்கமே ஆபத்தாகலாம். அத்தகையோருக்கு ஊசிக்குப் பதில் பென்சிலின் மாத்திரை பொருந்துமா என்பதை இதயவியல் மருத்துவர் முடிவு செய்வார். இரத்தக்கட்டு தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதைச் செவிலியரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

வாயிலைத் திறக்கும் சிகிச்சைகள்

உங்கள் வீட்டு மூதாட்டி யாருக்கேனும் இடது மார்புக்குக் கீழே விலாவை ஒட்டி நீண்ட தழும்பு இருந்தால், அது இந்நோய்க்கான பழைய அறுவைச் சிகிச்சையின் அடையாளமாக இருக்கலாம். இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே மேலறை வழியாக விரலையோ விரிப்பானையோ செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரித்தார்கள். இம்முறையில் உலகின் மிகப் பெரிய அனுபவங்களுள் ஒன்று நம் மாநிலத்தினுடையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஸ்டான்லி ஜானும் அவருடன் பணியாற்றியோரும் தொடர்ச்சியாக 3,724 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் நீண்டகால விளைவுகளை 1983இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டு ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே, மார்பைத் திறக்காமலே இதைச் செய்யும் வழியை வெளியிட்டார். தொடையின் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் நுழைந்து, வால்வுக்குள் பலூனைச் சில விநாடிகள் விரிக்கிறார்கள். ஒட்டிய ஓரங்கள் பிரிகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு இது ஈடாகுமா என்று 60 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நடந்தது. 1994இல் வெளியான அம்முடிவின்படி, மூன்றாண்டுகளுக்குப் பின் பலூன் பிரிவினரின் சராசரி வால்வுப் பரப்பு 2.4 சதுர சென்டிமீட்டர். அறுவைப் பிரிவினருக்கு 1.8. அதன்பின், தகுதியுள்ள நோயாளிகளுக்குப் பலூன் சிகிச்சையே முதல் தெரிவாக நிலைபெற்றது.

எல்லா வால்வுக்கும் பலூன் பொருந்தாது. கால்சியம் படிந்து கல்லாகிவிட்ட வால்வு, கசிவு மிகுந்த வால்வு, மேலறையில் கட்டி உள்ள நிலை ஆகியவற்றில் அது கூடாது. கட்டி உள்ளதா என்று காண வாய்வழிக் குழாய் செலுத்தி எக்கோ எடுப்பார்கள். பலூன் முடியாதவர்களுக்கு வால்வை மாற்ற வேண்டியிருக்கும். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டால் இரத்தக்கட்டு தடுப்பு மாத்திரையை வாழ்நாள் முழுதும் எடுத்தாக வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது.

விரிக்கப்பட்ட வால்வு ஆண்டுகள் கழித்து மீண்டும் சுருங்கக்கூடும். மூச்சு நன்றாக இருந்தாலும் மருத்துவர் குறித்த காலத்தில் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இச்சிகிச்சைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். காப்பீட்டு அட்டை, பரிந்துரைச் சீட்டு, பழைய அறிக்கைகள் ஆகியவற்றுடன் சென்றால் அலைச்சல் குறையும். நம் பகுதியினருக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதயவியல் துறையும் இதய அறுவைச் சிகிச்சைத் துறையும் உள்ளன.

துடிப்புச் சீர்கெட்டால்

பல ஆண்டுகள் அழுத்தம் தாங்கிய இடது மேலறை விரிந்து, ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். நாடி தாறுமாறாக ஓடும். சீட்டில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று எழுதப்படுவது இதுவே. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. குறிப்பாக மேலறையிலிருந்து காது மடல்போல் நீண்டிருக்கும் சிறு பையில். அக்கட்டி உதிர்ந்தால் பெரும்பாலும் போய்ச் சேருமிடம் மூளை. 35, 40 வயதில், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தால் மருத்துவர் முதலில் இதயத்தைக் கேட்டுப் பார்ப்பது இதனால்தான்.

இதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகை மாத்திரை தரப்படுகிறது. இரத்தம் உறையும் நேரத்தை ஐ.என்.ஆர். பரிசோதனையால் அளந்து, வால்வுச் சுருக்கத்துடன் துடிப்புச் சீர்கேடு உள்ளவர்களுக்கு 2 முதல் 3 வரை இருக்குமாறு மாத்திரையின் அளவை மாற்றுவார்கள். அடிக்கடி இரத்தம் கொடுக்கப் பேருந்தில் போய்வருவது தொல்லைதான். “பரிசோதனை தேவையில்லாத புதிய மாத்திரை இருக்கிறதாமே?” என்று பலர் கேட்கிறார்கள். அப்படி மாத்திரைகள் உள்ளன. வேறு காரணங்களால் துடிப்புச் சீர்கெட்டவர்களுக்கு அவை நன்கு பயன்படுகின்றன. உங்கள் நோய்க்கு அவை பொருந்துமா என்பதை 24 நாடுகளில் 4,531 நோயாளிகளிடம் சோதித்தார்கள். இவ்வாய்வை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணேசன் கார்த்திகேயன். நோயாளிகளின் சராசரி வயது 50. நூற்றுக்கு 72 பேர் பெண்கள். 2022இல் வந்த முடிவு பலரும் எதிர்பாராதது: புதிய ரிவராக்சபான் மாத்திரையைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்புக் குறைவாக இருந்தது, இரத்தக்கசிவும் கூடவில்லை. ஆகவே வேறொருவருக்குக் கொடுத்த மாத்திரையைப் பார்த்து நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

கீரையை அறவே விட வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும், பெயர் தெரியாத சூரணமும் ஆபத்து. ஈறில் இரத்தம், கருமலம், நிற்காத மாதவிலக்கு ஆகியவற்றைக் கண்டால் அன்றே வாருங்கள்.

திருமணமும் கர்ப்பமும்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஊசி அட்டையை மறைத்து வைக்கும் வீடுகள் உண்டு. அந்த அச்சம் புரிகிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை உயர்கிறது. குறுகிய வாயிலுக்கு இவ்விரண்டும் ஒருசேர வருகின்றன. அதுவரை எந்தத் தொல்லையும் இல்லாத பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் நள்ளிரவில் மூச்சு முட்டி நோய் வெளிப்படுவதை மகப்பேற்றுப் பிரிவினர் நன்கு அறிவர். மிதமான சுருக்கமுள்ள பலர் சரியான கண்காணிப்பில் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். கடுமையான சுருக்கம் உள்ளவர்கள் கருவுறுவதற்கு முன்பே பலூன் சிகிச்சை செய்துகொள்வது நல்லது. எனவே மறைப்பதற்குப் பதில், திருமணத்துக்கு முன் ஓர் எக்கோ எடுத்து, மணமக்கள் இருவரும் மருத்துவரிடம் வந்து பேசுவதையே நான் வலியுறுத்துவேன். மாமியாரும் வந்தால் இன்னும் நல்லது. பேறுகாலத்தில் உடனிருக்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலே மருத்துவரிடம் வர வேண்டும். 6 முதல் 12 வாரங்களில் அம்மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். ஆனால் தானாக நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். எதை, எப்போது, எந்த ஊசியாக மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பென்சிலின் ஊசி கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பானது, அதைத் தொடருங்கள். கருவுற்ற பிறகு நோய் தெரியவந்து, மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால், வயிற்றைக் கதிர்வீச்சிலிருந்து மறைத்துக் கர்ப்பத்தின் இடைக்காலத்தில் பலூன் சிகிச்சை செய்ய இயலும்.

பிரசவத்தை இதயவியல் வசதியுள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளும் நேரத்தில்தான், கருப்பை சுருங்கி அதிலிருந்த இரத்தம் ஒரேயடியாகத் தாயின் இதயத்துக்குத் திரும்புகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் மிகவும் கவனிக்கப்பட வேண்டியவை. அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்துவராதீர்கள். வீட்டில் இருக்கும்போது எவருக்கேனும் திடீரென மூச்சு முட்டினாலோ, இருமலுடன் நுரைத்த சளி வந்தாலோ, படுக்க வைக்காமல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். வாயில் தண்ணீரோ கஷாயமோ ஊற்ற வேண்டாம். 108ஐ அழைத்து, வால்வு நோய் உள்ளவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். ஊசி அட்டை, கடைசி எக்கோ அறிக்கை, மாத்திரை அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, எல்லாரும் அறிந்த இடத்தில் மாட்டி வைத்திருங்கள்.